மண்டியிட்ட சொல்

இத்தாலிய மொழியில் ‘அபியூராரே’ என்றொரு வினைச்சொல் உண்டு. முன்பு கொண்டிருந்த கொள்கையை ஆணையிட்டுக் கைவிடுதல் என்பது அதன் பொருள். அகராதியில் அதற்குக் கிடைத்துள்ள இடம் இரண்டு மூன்று வரிகள்தாம். ஆனால் அந்த வரிகளுக்குப் பின்னால் ஈராயிரம் ஆண்டு வரலாறு நிற்கிறது. வாங்கிய கடனை வாங்கவில்லையென்று சாதித்த ஏமாற்றுக்காரனின் நாவில் வழங்கிய சொல் அது. சிறையையும் நெருப்பையும் காட்டி மனிதரின் மனத்தை வளைக்க முயன்ற மன்றங்களின் கைக்குப் பின்னர்ப் போன சொல் அது. தொலைநோக்கியால் வானத்தைத் துருவிய கலிலியோவை மண்டியிட வைத்த சொல்லும் அதுவே.

ஒரு சொல்லின் வேரைத் தேடுவது புலவர் பெருமக்களின் பொழுதுபோக்கு, அதில் நமக்கென்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. ஆதிக்கம் வாளால் மட்டும் ஆண்டதில்லை, சொல்லாலும் ஆண்டது. இழிந்த செயலுக்கு உயர்ந்த பெயர் சூட்டுவது அதற்குக் கைவந்த கலை. அப்படிச் சூட்டிய பெயரை உரித்து உள்ளிருப்பதைக் காண்பது பகுத்தறிவாளரின் கடமைகளுள் ஒன்று. ‘அபியூராரே’யை உரித்தால், ஏமாற்றியவர் யார், ஏமாற்றச் செய்தவர் யார் என்ற உண்மை வெளிப்படுகிறது.

ஏட்டுவழி வந்த சொல்

இத்தாலியம் இலத்தீன் ஈன்ற மகள். தாய்வீட்டுச் சொற்கள் மகளிடம் வந்து சேர்ந்த வழிகள் இரண்டு. ஒன்று வாய்வழி. உழவரும் தச்சரும் சந்தையில் விற்போரும் தலைமுறை தலைமுறையாகப் பேசிப் பேசி, ஒலி தேய்ந்து உருமாறி வந்த சொற்கள் அவ்வழி வந்தவை. மற்றொன்று ஏட்டுவழி. மக்கள் வாயில் இலத்தீன் உருமாறிப் போன பின்னரும் திருச்சபையிலும் வழக்குமன்றத்திலும் பல்கலைக்கழகத்திலும் அது எழுத்தில் வாழ்ந்தது. அந்த ஏடுகளிலிருந்து கற்றவர்கள் அப்படியே எடுத்துக்கொண்ட சொற்கள் இரண்டாம் வழி வந்தவை.

வாய்வழி வந்தவற்றை இனங்காண எளிய அடையாளம் ஒன்று உண்டு. இலத்தீனில் சொல்லின் முதலில் நின்ற யகர ஒலி இத்தாலியத்தில் ஜகர ஒலியாக மாறிற்று. ‘ஏற்கெனவே’ என்று பொருள்படும் ‘யாம்’, ‘ஜா’ ஆயிற்று. இளைஞனைக் குறித்த ‘யுவெனிஸ்’, ‘ஜோவனே’ ஆயிற்று. நேர்மையானவனைக் குறித்த ‘யூஸ்துஸ்’, ‘ஜூஸ்தோ’ ஆயிற்று. அவ்வாறே, ஆணையிடுதல் என்னும் பொருளுடைய ‘யூராரே’, ‘ஜூராரே’ ஆயிற்று.

இந்த ‘யூராரே’யிலிருந்து இலத்தீனில் கிளைத்த சொற்கள் பல. பலர் கூடிச் சூளுறுதல் ‘கொன்யூராரே’. அது ‘கொன்ஜூராரே’ ஆகி, இத்தாலியத்தில் சதி செய்தலைக் குறித்தது. பொய்யாணையிடுதல் ‘பெர்யூராரே’, அது ‘ஸ்பெர்ஜூராரே’ ஆயிற்று. ஆனால், அதே வீட்டில் பிறந்த ‘அபியூராரே’ மட்டும் இலத்தீனில் இருந்த உருவிலேயே இத்தாலியத்திலும் இருக்கிறது. ஓர் எழுத்தும் தேயவில்லை. உடன்பிறந்தார் இருவர் ஊராரோடு பழகி ஊர்ப்பேச்சைக் கற்றனர். மூன்றாமவர் ஏட்டை விட்டு இறங்கவேயில்லை.

தற்பவம், தற்சமம் என்று நம் இலக்கணம் பிரித்துக் காட்டுவதை அறிந்தவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இத்தாலியம் இலத்தீனின் மகள். தமிழ் வடமொழியின் மகள் அன்று. ஒப்புமை சொல் வந்த வழியோடு நிற்கிறது, உறவுமுறைக்கு நீளாது.

சொல்லின் உறுப்புகளையும் பார்ப்போம். ‘யூராரே’யின் வேர் ‘யூஸ்’. சட்டத்தையும் உரிமையையும் குறித்த சொல் அது. மிகப் பழைய இலத்தீன் எழுத்துகளைத் தாங்கி, ரோம் நகரில் 1880இல் கண்டெடுக்கப்பட்ட மட்கலம் ஒன்றில் ‘யோவெசாத்’ என்றொரு வடிவம் காணப்படுகிறது. ‘ஆணையிடுகிறான்’ என்று அதற்குப் பொருள் கொள்கின்றனர் அறிஞர். அத்துணைப் பழமையானது இவ்வேர். முன்னொட்டாகிய ‘அப்’ என்பதற்கு ‘விட்டு’, ‘அப்பால்’ என்பது பொருள். இரண்டும் சேர்ந்தால், ஆணையிட்டு அப்பால் தள்ளுதல்.

எதைத் தள்ளுதல்? இங்கேதான் கதை தொடங்குகிறது.

கடன்காரனின் ஆணை

பழைய இலத்தீனில் இச்சொல் கொள்கையைத் துறப்பதைக் குறிக்கவில்லை. வாங்கியதை வாங்கவில்லையென்று ஆணையிட்டு மறுப்பதையே குறித்தது. கடன், அடைக்கலப் பொருள், திருட்டுப் பொருள் ஆகியவற்றோடுதான் அது உறவாடிற்று.

கி.மு. 200ஐ ஒட்டி வாழ்ந்த நாடகாசிரியர் பிளாட்டஸ் எழுதிய ‘ரூதென்ஸ்’ என்னும் நாடகத்தின் முன்னுரையை ஒரு விண்மீன் பேசுகிறது. ஆர்க்டூரஸ் என்பது அதன் பெயர். பகலில் மண்ணுலகில் மனிதரிடையே உலவி, பொய்வழக்குத் தொடுப்போரையும் வழக்குமன்றத்தில் ஆணையிட்டுப் பணத்தை மறுப்போரையும் கண்காணித்து, அவர்கள் பெயரைத் தலைமைக் கடவுளிடம் எழுதிக் கொடுப்பது தன் வகையினரின் பணி என்கிறது அந்த விண்மீன். பணத்தை மறுப்போர் என்னுமிடத்தில் நிற்கும் வினைச்சொல் ‘அபியூராரே’. விண்மீன்கள் எழுதிவைக்கும் குற்றப்பட்டியலில் இடம்பெற்ற செயல் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். விண்மீன்களை ஆராய்ந்த ஒருவரிடமே பின்னாளில் அச்செயலை வேண்டப் போகிறார்கள்.

வரலாற்றாசிரியர் சல்லஸ்ட், கி.மு. 63இல் நடந்த கடிலைன் சதியை எழுதும்போது, அதில் பங்குகொண்ட செம்ப்ரோனியா என்னும் பெருங்குடிப் பெண்ணைச் சித்திரிக்கிறார். அவள்மீது அவர் அடுக்கும் பழிகளுள் ஒன்று, பெற்ற கடனை ஆணையிட்டு மறுத்தாள் என்பது. அங்கும் இதே வினைச்சொல்.

சிசரோ தம் நண்பர் அட்டிகசுக்கு எழுதிய மடலில் இச்சொல் சிரிப்போடு வருகிறது. அட்டிகஸ் தருவதாகச் சொன்ன சிறு பரிசைக் கேட்டுச் சிசரோவின் சிறுமகள் துல்லியா நச்சரிக்கிறாள். தந்தையையே பிணையாளியாக்கி வழக்காடுகிறாள். பிணையாளியாக நின்று கொடுப்பதைவிட ஆணையிட்டு மறுத்துவிடுவதே எனக்குத் தோது என்று விளையாடுகிறார் தந்தை. கடனை மறுத்தல் என்னும் பொருள் எவ்வளவு இயல்பாக வழங்கிற்று என்பதற்கு இந்தக் குடும்ப விளையாட்டே சான்று.

வர்ஜிலின் ‘ஈனிட்’ காப்பியத்தில் காகுஸ் என்னும் அரக்கன், ஹெர்குலிசின் மாடுகளை வாலைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துச் சென்று குகையில் ஒளிக்கிறான். குகை உடைக்கப்பட்டு, அவன் ஆணையிட்டு மறுத்திருந்த கொள்ளைப் பொருள் வெளிச்சத்துக்கு வருகிறது. அக்கொள்ளைக்கு வர்ஜில் தரும் அடைமொழி இவ்வினையிலிருந்து பிறந்ததுதான்.

நாடகம், வரலாறு, மடல், காப்பியம்: இடங்கள் நான்கு; பொருள் ஒன்று. நமது சங்கப் பாடல்கள் ‘பொய்ச்சூள்’ என்று பழித்ததற்கு மிக நெருங்கிய செயல் இது. இச்சொல்லில் அன்று தூய்மையும் இல்லை, துறவும் இல்லை. கடன்காரனும் கள்வனும் பேசிய சொல் அது.

பட்டாடை போர்த்திய பொய்ச்சூள்

திருச்சபையின் இலத்தீனில் இச்சொல் புதுப்பிறவி எடுத்தது. மறுக்கப்படும் பொருள் இப்போது கடன் அன்று, கருத்து. திருச்சபை ஏற்காத கருத்தைக் கொண்டவன் தவறுடையவன். அத்தவறை அவன் ஆணையிட்டுத் தள்ள வேண்டும். போப்பாண்டவர் மூன்றாம் லூசியஸ் 1184இல் வெரோனா நகரிலிருந்து விடுத்த ஆணை, பிடிபட்டவன் தன் தவறை வெளிப்படையாகத் துறக்க உடன்படாவிடில் அவனை அரசின் தண்டனைக்கு ஒப்படைக்க வழி செய்தது. துறந்த பின் மீண்டும் அதே கருத்துக்குத் திரும்பியவன் கதி இன்னும் கொடிது. அவனுக்கு மறு விசாரணையே இல்லை.

இங்கே இருக்கும் பொறியைத் தோழர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். ஆணையிட்டுத் துறந்தவன் உயிர் பிழைக்கிறான். ஆனால் அந்த ஆணையே அவன் கழுத்தில் மாட்டிய கயிறாகிறது. அடுத்த முறை இழுத்தால் போதும். ஜோன் ஆஃப் ஆர்க் 1431 மே 24ஆம் நாள் துறப்பு வாசகத்தை ஏற்றார். மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பினார் என்று கூறி அதே மே 30ஆம் நாள் அவரை எரித்தார்கள். இடையில் இருந்தவை ஆறே நாட்கள்.

இச்சொல்லின் பொருளைக் குறித்தே ஒரு மன்றத்தில் வழக்காடியவர் உண்டு. பொகீமிய நாட்டுச் சீர்திருத்தவாதி யான் ஹஸ், 1415இல் கான்ஸ்டன்ஸ் நகரப் பேரவையின் முன் நிறுத்தப்பட்டார். அவர்மீது சுமத்திய கொள்கைகளையெல்லாம் துறக்கச் சொன்னார்கள். அவற்றுள் பல, தாம் ஒருபோதும் கொண்டிராதவை என்றார் அவர். அந்த நெருக்கடியில் அவர் நாடியது ஓர் அகராதியை! ஜெனோவா நகரத்து ஜொவான்னி பால்பி என்னும் துறவி 1286இல் தொகுத்து முடித்த ‘கத்தோலிகொன்’ என்னும் பேரகராதியை நினைவூட்டி, துறத்தல் என்பது முன்பு கொண்டிருந்த தவறைக் கைவிடுதல் என்று அதில் படித்ததாகச் சொன்னார். கொண்டிராததை எப்படிக் கைவிடுவது? கைவிட்டதாக ஆணையிட்டால் அது பொய்யன்றோ? மன்றம் அகராதிக்குச் செவிசாய்க்கவில்லை. 1415 ஜூலை 6ஆம் நாள் அவர் எரிக்கப்பட்டார்.

சொல்லின் பொருளைச் சரியாகச் சொன்னவர் தீயில் வெந்தார். பொருளைப் புரட்டியவர்கள் தீர்ப்பெழுதினார்கள்.

1633 ஜூன் 22

போப்பாண்டவர் மூன்றாம் பால் 1542இல் ரோமில் நிறுவிய விசாரணைச் சபை, ‘அபியூராரே’யைத் தரம் பிரித்தே வைத்திருந்தது. இலேசான ஐயத்துக்கு ஒரு தரம். வன்மையான ஐயத்துக்கு ஒரு தரம். மெய்ப்பிக்கப்பட்ட மறுப்புக் கொள்கைக்கு ஒரு தரம். கலிலியோவுக்குக் கிடைத்தது இரண்டாம் தரம்.

அவர் செய்த குற்றம் என்ன? கதிரவன் நடுவில் நிற்க நிலவுலகம் சுழல்கிறது என்னும் கோபர்னிக்கசின் கருத்தை, ‘இரு பெரும் உலக அமைப்புகள் பற்றிய உரையாடல்’ என்னும் நூலில் வலுவாக எடுத்துரைத்தார். 1632இல் ஃபிளாரன்ஸ் நகரில் அச்சான அந்நூல், உரிய தணிக்கையாளரின் இசைவு பெற்றே வெளிவந்தது. எனினும் 1616ஆம் ஆண்டிலேயே அக்கருத்தைத் தடுத்தாயிற்றே என்று கூறி அவரை ரோமுக்கு அழைத்தார்கள். 1633 ஜூன் 21ஆம் நாள் சித்திரவதை செய்வோம் என்ற அச்சுறுத்தலின்கீழ் அவரை வினவினார்கள். மறுநாள், சாந்தா மரியா சோப்ரா மினெர்வா மடத்தில், 69 வயது நிரம்பிய அம்முதியவர் மண்டியிட்டார். நற்செய்தி நூலைத் தொட்டார். எழுதிக் கொடுத்ததைப் படித்தார்.

அவ்வாசகம் இலத்தீனில் இல்லை, இத்தாலியத்தில் இருந்தது. அதன் நெஞ்சுப் பகுதியில் மூன்று வினைகள் அடுத்தடுத்து நிற்கின்றன: துறக்கிறேன், சபிக்கிறேன், வெறுத்தொதுக்குகிறேன். முதல் வினை ‘அபியூராரே’. அதன் வேர் சட்டம். மூன்றாம் வினை ‘தெதெஸ்தாரே’; அதுவும் இலத்தீன் ஏட்டுவழி வந்ததே; அதன் வேர் ‘தெஸ்திஸ்’, அதாவது சாட்சி. சட்டத்தையும் சாட்சியையும் வேராகக் கொண்ட இரண்டு சொற்கள், சான்றுகளைத் திரட்டிய மனிதனைச் சான்றுகளுக்கு எதிராகவே பேச வைத்தன. வாசகத்தின் அடியில், மேற்கண்டவாறு துறந்தேன் என்று தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டார் கலிலியோ.

அதோடு விட்டார்களா? திருச்சபைக்கு மாறான கருத்துடைய எவரையேனும் அறிந்தால் காட்டிக்கொடுப்பேன் என்ற உறுதிமொழியும் அவ்வாசகத்தில் இருக்கிறது. தீர்ப்பையும் துறப்பையும் படியெடுத்து, இத்தாலியின் விசாரணை அதிகாரிகளுக்கும் அயல்நாடுகளிலிருந்த திருச்சபைத் தூதர்களுக்கும் அனுப்பினார்கள். ஃபிளாரன்சில், அவருடைய கருத்தை விரும்பியவர்களையே கூட்டி வைத்துப் படித்தார்கள். ஒருவரை மண்டியிட வைத்தது நூறு பேரை வாய் மூட வைப்பதற்காக.

பிளாட்டசின் காலத்துப் பொருளை இங்கே பொருத்திப் பார்ப்போம். கலிலியோ கடன்பட்டவர். யாருக்கு? கோபர்னிக்கசுக்குக் கடன்பட்டவர். 1610இல் தொலைநோக்கி வழியே கண்ட வியாழனின் நான்கு நிலவுகளுக்கும், பிறைபோலத் தேய்ந்து வளர்ந்த வெள்ளிக்கும் கடன்பட்டவர். அக்கடனைத்தான் அவர் ஆணையிட்டு மறுத்தார். பல நூற்றாண்டுகள் புனிதப் பொருள் சுமந்து திரிந்த சொல், அந்த மடத்தில் தன் பிறப்புப் பொருளுக்கே திரும்பிற்று. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பழைய ரோமில் கடனை மறுத்தவன் தன் ஆசைக்காக மறுத்தான்; மறுப்பு பொய்யென்றால் பழி அவனைச் சேர்ந்தது. 1633இல் மறுக்கச் செய்ததே நீதிமன்றம். அப்படியானால் விண்மீன் ஆர்க்டூரஸ் தன் பட்டியலில் எழுதவேண்டிய பெயர் யாருடையது?

மேடைக் கதையும் மெய்க் கதையும்

இங்கே நம்மவர் வழக்கம் ஒன்றைத் திறனாய்ந்தே ஆகவேண்டும். கலிலியோவைப் பற்றிப் பேசும் மேடைகளில், மண்டியிட்டு எழுந்தவர் தரையை உதைத்து ‘ஆயினும் அது சுழல்கிறது’ என்று முணுமுணுத்ததாகச் சொல்லிக் கைதட்டல் பெறுவது வழக்கம். வழக்கின் ஆவணங்களில் அம்முணுமுணுப்பு இல்லை. அச்சில் அது புகழ்பெற்றது, 1757இல் லண்டனில் ஜுசெப்பே பாரெட்டி வெளியிட்ட நூலால். துறப்பு நடந்து 124 ஆண்டுகள் கழிந்த பின். அன்று, அந்த மன்றத்தில், அவ்வாறு முணுமுணுத்திருந்தால் அவர் வீடு திரும்பியிருப்பாரா?

புராணத்தைப் புரட்டென்று சொல்லும் நாம் நமக்கென்றொரு புராணம் வளர்ப்பது முறையா? மெய்க்கதை அதைவிடப் பெரிது. ஆர்ச்செத்ரி என்னுமிடத்தில் வீட்டுக் காவலில் வைக்கப்பட்ட அம்முதியவர், பார்வை மங்கி மறைந்த நிலையிலும், பொருள்களின் வலிமையும் இயக்கமும் பற்றிய ‘இரு புதிய அறிவியல்கள்’ என்னும் நூலை முடித்தார். இத்தாலியில் அச்சிட வழியில்லாத அந்நூல் 1638இல் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் வெளிவந்தது. மண்டியிட்ட கால் எழுந்தது. மறுத்த கை எழுதிற்று. இதற்கு முணுமுணுப்பு எதற்கு?

இன்னொரு வழக்கம், கலிலியோவையும் புரூனோவையும் தராசில் நிறுத்துவது. ஜோர்தானோ புரூனோ, தமக்கு முன் வைக்கப்பட்ட கொள்கைகளைத் துறக்க ஒரு கட்டத்தில் இணங்குவார்போல் தோன்றினார்; ஆனால் 1599 டிசம்பரில், துறப்பதற்கு எதுவும் இல்லையென்று உறுதியாக மறுத்தார். 1600 பிப்ரவரி 17ஆம் நாள் ரோம் நகரின் காம்ப்போ தே ஃபியோரிச் சந்தைத் திடலில் அவரை எரித்தார்கள். எரித்த இடத்திலேயே 1889இல் அவருக்குச் சிலை எழுந்தது. புரூனோ வீரர், கலிலியோ கோழை என்று இரண்டு சொற்களில் தீர்ப்பெழுதிவிடுவோர் உண்டு.

ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் இத்தீர்ப்போடு நெடுங்காலம் மல்லாடினார். 1938-39இல் அவர் எழுதிய ‘கலிலியோவின் வாழ்க்கை’ நாடகத்தில், பணிந்ததுபோல் காட்டி அறிவைக் காத்த தந்திரசாலியாகக் கலிலியோ தோன்றினார். 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தது. பிரெக்ட் நாடகத்தைத் திருத்தினார். 1947இல் அமெரிக்காவில் மேடையேறிய வடிவில், ஆள்வோர் கையில் அறிவை ஒப்படைத்தவன் என்று கலிலியோ தம்மையே குற்றஞ்சாட்டுகிறார். பிரெக்டின் கேள்வி கனமானது. அறிவியலாளர் ஆட்சியாளருக்குப் பணிந்தால் விளைவது என்ன என்பது அது. ஆனால் அக்கேள்வியின் சுமை முழுவதையும் 69 வயது முதியவரின் முழந்தாள்மீது ஏற்றுவதை நாம் ஒப்பவில்லை. எரிக்கப்பட்டவரைப் போற்றுவோம், அஞ்சியவரைத் தூற்றோம், அச்சுறுத்தியவரை மறவோம். வரிசை இதுதான். மூன்றாமவரை மறைக்க உதவுகிற எந்தத் தராசும் கள்ளத் தராசே.

அச்சத்தால் மறுத்தவரை இகழ்வதற்கு அந்தத் திருச்சபைக்கும் உரிமை கிடையாது. தங்கள் முதல் போப்பாண்டவர் என்று அவர்கள் போற்றும் பேதுரு, தம் தலைவரைத் தெரியாதென்று மும்முறை மறுதலித்தார் என்றும், அவற்றுள் ஒரு முறை ஆணையிட்டே மறுத்தார் என்றும் அவர்களுடைய வேதநூலே சொல்கிறது. கோழியின் குரல் கேட்டு அழுதவருக்கு மன்னிப்பு உண்டு, தலைமைப் பீடமும் உண்டு. நிலவுலகம் சுழல்கிறது என்றவருக்கு மட்டும் வாழ்நாள் காவலா?

வீட்டுச்சொல்லும் கறைபட்டது

ஏட்டுச்சொல் செய்த கொடுமையை வாய்வழிச் சொல்லும் ஒருநாள் செய்தது. 1931 ஆகஸ்டில் முசோலினியின் ஆட்சி, பல்கலைக்கழகப் பேராசிரியர் அனைவரும் பாசிச ஆட்சிக்கு உண்மையாயிருப்பதாக ஆணையிட வேண்டும் என்று சட்டம் செய்தது. வினைச்சொல் ‘ஜூராரே’. ஏறத்தாழ 1,200 பேரில் மறுத்தவர்கள் ஒரு டஜன் பேரளவே. கணித மேதை வீட்டோ வோல்த்தெர்ரா மறுத்தார். மெய்யியலாளர் பியெரோ மார்த்தினெத்தி மறுத்தார். கீழை மொழியறிஞர் ஜோர்ஜோ லெவி தெல்லா வீதா மறுத்தார். பதவி இழந்தனர், பெயர் இழக்கவில்லை.

ஆணையிட்டவர் எல்லாரும் பாசிசத்தை நெஞ்சில் ஏற்றவரா? இல்லை. வகுப்பறையை முழுவதும் அவர்களிடம் விட்டுவிடலாகாது என்று கருதி, பெனெதெத்தோ குரோச்சேயின் அறிவுரையைக் கேட்டு ஆணையிட்டவர்களுள் பொருளியலறிஞர் லூயிஜி எய்னௌதி ஒருவர். பாசிசம் வீழ்ந்த பின் 1948இல் இத்தாலியக் குடியரசின் தலைவராக அமர்ந்தவர் அவரே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆணைகளைச் சேர்த்துவைத்த ஆட்சிக்கு, அவ்வாணைகளுள் எது மெய், எது பொய் என்று காணும் வழி இருந்ததா? வற்புறுத்திப் பெற்ற ஆணைக்குப் பெறுமதி கிடையாது. ஆணையிட்டவனின் அச்சத்துக்கு அது சான்று. அவன் கருத்துக்குச் சான்று அன்று.

பள்ளியில் பேனா ஒன்று காணாமற் போனால், ‘சத்தியம் செய்’ என்று சிறுவர்களைக் கேட்கும் வழக்கம் இன்றும் உண்டு. எடுத்தவன் துணிந்து முதலில் செய்துவிடுகிறான். எடுக்காதவன் பயந்து தயங்கி, ஐயத்துக்கு ஆளாகி நிற்கிறான். சத்தியம் கேட்பவர் தேடலைக் கைவிட்டவர். சான்றைத் தேடத் தெரிந்தவருக்குச் சத்தியம் எதற்கு?

துறத்தல் வேறு, திருத்தல் வேறு

அப்படியானால் ஒருவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவே கூடாதா? கூடும், கட்டாயம் கூடும். இதைப் புரிந்துகொள்ளக் கலிலியோவின் நூலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நிலவுலகம் இயங்குகிறது என்பதற்குக் கடலின் ஏற்றவற்றத்தையே பெருஞ்சான்றாக அவர் காட்டினார். அந்த வாதம் பிழை. நிலவின் ஈர்ப்பும் கதிரவனின் ஈர்ப்பும் கடலை உயர்த்தித் தாழ்த்துகின்றன என்று 1687இல் நியூட்டன் விளக்கினார். கலிலியோவின் வாதம் வீழ்ந்தது. அதற்காக யாரும் மண்டியிடவில்லை. யார் வீட்டு வாயிலிலும் காவல் நிற்கவில்லை. கணக்கு வந்தது, பிழை போயிற்று. பிழையான வாதம் போனபின்னும் நிலவுலகின் சுழற்சி நின்றது. 1851இல் ஃபூக்கோ பாரிசில் தொங்கவிட்ட ஊசல், சுழற்சியைப் பொதுமக்கள் கண்முன்னே காட்டிற்று.

திருத்தத்துக்கும் துறப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான். திருத்தத்தைச் சான்று வேண்டுகிறது. துறப்பை அதிகாரம் வேண்டுகிறது. இத்தாலியமே இவ்வேறுபாட்டை அறியும். புதிய செய்தி கண்டு தன் எண்ணத்தை மாற்றிக்கொள்வதற்கு அம்மொழியில் ‘ரிக்ரெதெர்சி’ என்று ஒரு சொல் உண்டு. நம்புதல் என்னும் வினையிலிருந்து, மறுபடியும் என்னும் முன்னொட்டோடு பிறந்தது. அச்சொல்லுக்கு நற்செய்தி நூல் தேவையில்லை, நடுவர் தேவையில்லை, சாட்சி தேவையில்லை. மனிதன் தனியே அமர்ந்து செய்யக்கூடிய செயல் அது.

‘அபியூராரே’ இன்றும் வழக்கில் இருக்கிறது. அதன் கூர் மழுங்கியிருக்கிறது. கவிஞரும் திரைப்பட இயக்குநருமான பியெர் பாவ்லோ பசோலினி, தாம் 1971 முதல் 1974 வரை எடுத்த மூன்று படங்களைத் துறப்பதாக 1975இல் எழுதிய கட்டுரைக்கு இச்சொல்லின் பெயர் வடிவத்தையே தலைப்பாக்கினார். அவற்றை எடுத்ததற்காக வருந்தவில்லை, ஆயினும் துறக்கிறேன் என்பது அவர் நிலை. நடுவர் இல்லாத, நெருப்பு இல்லாத துறப்பு அது. பழைய மன்றங்கள் கட்டாயப்படுத்திப் பெற்றதை ஒருவர் தாமே முன்வந்து கொடுத்தபோது, அச்சொல் முதன்முறையாக மண்டியிட்ட நிலையிலிருந்து எழுந்து நிற்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது.

அந்தத் திருச்சபை என்ன செய்தது? கலிலியோவின் ‘உரையாடல்’ நூலைத் தடைப்பட்டியலிலிருந்து 1835ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் நீக்கிற்று. 1992 அக்டோபர் 31ஆம் நாள் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், அவ்வழக்கில் நேர்ந்த பிழைகளைப் பற்றிப் பேசினார். இரு தரப்பும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமற் போன துயரம் என்று அதை வருணித்தார். மண்டியிட்டவரையும் மண்டியிட வைத்தவரையும் ஒரே துயரத்தின் இரு பக்கங்களாக்கிய வருணனை அது. 359 ஆண்டுகள் கழித்து வந்த அவ்வுரையில் திருத்தம் இருந்தது, மகிழ்ச்சி. ‘அபியூராரே’ என்னும் வினையைத் தன்மை இடத்தில் வைத்துப் பேசும் துணிவு மட்டும் இல்லை. பிறரைத் துறக்கச் சொல்லப் பயன்பட்ட வினை அது; தமக்கென்று வரும்போது வேறு சொல் கிடைத்துவிடுகிறது!

தோழர்களே! நாளை நம்மில் எவரிடமும், இன்ன கருத்தைத் துறந்தேன் என்று எழுதிக் கொடு எனக் கேட்கும் கைகள் நீளக்கூடும். மறுத்து நிற்க வலிமை உள்ளவர் நிற்கட்டும். அவர் புரூனோவின் உறவினர். வலிமையின்றிப் பணிந்தவரை நாம் எள்ளி நகையாட வேண்டாம். அவர் எழுந்து மீண்டும் எழுத இடங்கொடுப்போம். ஆனால் ஒன்றில் மட்டும் உறுதியாயிருப்போம். நம் கைக்கு அதிகாரம் வரும் நாளில், நம் கருத்துக்கு மாறானவரிடம், அவர் எத்துணை மூடநம்பிக்கை உடையவராயினும், அந்த வினைச்சொல்லை நாம் நீட்டலாகாது. அவர்முன் சான்றை வைப்போம், காத்திருப்போம். மாறினால் மகிழ்வோம். அச்சத்தால் அடையும் வெற்றி, கடன்காரனின் பொய்ச்சூளைப் போல, கணக்கில் ஏறாத வெற்றி.